சாத்திர தானமும் கணினித் திரையும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்து ஆலங்குளத்திலிருந்து வந்திருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியை நான். வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பக்கத்து ஊர்களில் வேரூன்றிய குடும்பங்கள் நிறைந்த இந்த அவையில், தெற்குக் கரிசல் மண்ணிலிருந்து வந்த எனக்கும் பேச இடமளித்தமைக்கு நன்றி கூறுகிறேன். எனினும் நம் இரு பகுதிகளுக்கும் இடையே பழைய உறவு ஒன்று உண்டு. என் ஊருக்குத் தெற்கே, அதிகத் தொலைவில்லாத இடத்தில் கழுகுமலை இருக்கிறது. பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களை உங்களில் பலர் நேரில் சென்று வணங்கியிருப்பீர்கள். அவ்வுருவங்களின் அடியிலுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளில் குரவர், குரத்தியர், மாணாக்கர் என்னும் சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆண் ஆசிரியரும் பெண் ஆசிரியரும் அவர்தம் மாணாக்கரும் கூடியிருந்து கற்ற இடம் அது. துறவியர் உறைந்த 'பள்ளி' என்னும் சொல்லே பின்னாளில் பிள்ளைகள் பயிலும் இடத்துக்குப் பெயராயிற்று. ஆகவே பள்ளிகளைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான அவை வேறில்லை.

இவ்வாண்டு அறக்கட்டளை நிதியிலிருந்து, வசதி குறைந்த சிற்றூர்ப் பள்ளிகள் சிலவற்றுக்குக் கணினித் திரைகளும் கையடக்கக் கணினிகளும் வழங்கும் எண்ணம் உள்ளதென விழாக் குழுவினர் தெரிவித்தார்கள். அதுபற்றி ஓர் ஆசிரியையின் கருத்தைக் கூறுமாறு பணித்தார்கள். மிக நல்ல எண்ணம். அந்தப் பொருள் பிள்ளையின் அறிவாக மாற வேண்டும் என்பது நம் எல்லோருடைய விருப்பம். அவ்வாறு மாறுவதற்கு என்ன வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என நான்கு தானங்களை உங்கள் மரபு போற்றுகிறது. அவற்றுள் சாத்திர தானம் தொழில்நுட்பத்தோடு தொடர்புடையது என்று சொன்னால் சிலர் வியக்கக்கூடும். ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியால் கீறி, மை தடவி, நூலில் கோத்து ஏடாக்குவது அக்காலத் தொழில்நுட்பம். நோன்பு நிறைவேறியபோது ஏடு பெயர்த்தெழுதிக் கொடுப்பதை மக்கள் அறமாகக் கொண்டார்கள். 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பை என்னும் பெருமாட்டி, பொன்னரின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கியதாக வரலாறு கூறுகிறது. அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஆயிரம் படிகள்! எத்தனை ஓலை, எத்தனை எழுத்தர், எத்தனை நாள் உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள். நூல் சிலர் கையில் மட்டும் இருந்துவிடக்கூடாது என்னும் எண்ணமே அவரை அவ்வாறு செய்வித்தது. இன்று திரையும் கணினியும் வழங்க நினைக்கும் உங்கள் எண்ணமும் அந்த வழியில் வந்ததே.

ஆனால் ஏடு கையில் இருந்தால் மட்டும் போதுமா? இதற்கும் உங்கள் முன்னோரே விடை தந்திருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் குடந்தைக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் சீவக சிந்தாமணியின் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார். நூல் இருந்தது, நச்சினார்க்கினியர் உரையும் இருந்தது. தமிழ்க் கடலாகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர் அவர். அவருக்கே சமண சமயக் கலைச்சொற்கள் பலவும் தெளிவாக விளங்கவில்லை. குடந்தையில் வாழ்ந்த சமணக் குடும்பங்களை நாடிச் சென்றார். அவர்கள் சிந்தாமணியை வீட்டில் பாராயணம் செய்தும் பொருள் கேட்டும் வந்தவர்கள். அருகிலமர்ந்து அவர்கள் விளக்கியபோது நூல் திறந்துகொண்டது. 1887ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சேறியது. ஏட்டையும் அச்சையும் நாம் மறப்பதில்லை. அவ்விரண்டுக்கும் நடுவே பொறுமையோடு பொருள் சொன்ன மனிதர்களையும் மறக்கக்கூடாது.

அந்த மனிதர்களின் இடத்தில் இன்று யார் இருக்கிறார்கள் என்பதே சிற்றூர்ப் பள்ளிகளைப் பற்றி நாம் கேட்க வேண்டிய வினா.

கருவிகளைப் பொறுத்தவரை நம் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அன்று. 2011ஆம் ஆண்டு மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2018ஆம் ஆண்டு புதிய பாடநூல்கள் விரைவுத் துலங்கல் குறியீட்டோடு வெளிவந்தன. கைப்பேசியை அக்குறியீட்டின் மேல் காட்டினால் பாடம் தொடர்பான காணொலி திறக்கும். 2019 ஆகஸ்டு மாதம் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023ஆம் ஆண்டு மணற்கேணிச் செயலி வந்தது. அண்மைக் காலத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகளும் அமைக்கப்பட்டு வருகின்றன. இவையனைத்தும் போற்றத்தக்கவை.

இக்கருவிகளுக்குப் பெருஞ்சோதனை ஒன்று வந்தது. 2020 மார்ச்சு மாதம் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பரில். ஏறக்குறைய 20 மாதங்கள்! தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பானது. கைப்பேசியிலும் பாடம் வந்தது. எங்கள் பகுதியில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கு ஒரு திறன்பேசி இருந்தாலே பெரிது. அதுவும் தந்தையின் சட்டைப்பையில், விடிந்ததும் நூற்பாலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ சென்றுவிடும். மாலையில் திரும்பும்போது மின்னேற்றம் தீர்ந்திருக்கும். இல்லையேல் இணையத்துக்குக் கட்டிய பணம் முடிந்திருக்கும். தொலைக்காட்சியில் ஆசிரியர் அழகாகப் பாடம் நடத்துவார். 'புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்று பிள்ளை கேட்டால், திரை தன்பாட்டில் அடுத்த பாடத்துக்குப் போய்விடும்.

அக்காலத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பிள்ளைகள் ஏறத்தாழ 19,000 பேரைப் பொருளியல் ஆய்வாளர்கள் தொடர்ந்து ஆய்ந்தனர். 2021 திசம்பரில் நடத்திய தேர்வில், பெருந்தொற்றுக்கு முன் அதே வயதுப் பிள்ளைகள் இருந்த நிலையைவிடக் கணிதத்திலும் தமிழிலும் பெரிதும் பின்தங்கியிருந்ததைக் கண்டனர். கணிதத்தில் இழப்பு இன்னும் மிகுதி. ஆயினும் அவ்வாய்வில் மகிழ்ச்சி தரும் செய்தியும் உண்டு. பள்ளி திறந்த ஆறு மாத அளவில், அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டுவிட்டது. அவ்வாறு மீண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு 'இல்லம் தேடிக் கல்வி'யால் விளைந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இல்லம் தேடிக் கல்வி என்பது என்ன? 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட திட்டம். அந்தந்த ஊரிலேயே வாழும், ஓரளவு படித்த தன்னார்வலர்கள் மாலையில் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் தெருவிலுள்ள பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படிக்கவும் எண்ணவும் பழக்கினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். திண்ணை, கோயில் மண்டபம், சமுதாயக்கூடம், மரத்தடி என எது கிடைத்ததோ அதுவே வகுப்பறை. ஆசிரியப் பயிற்சி பெறாத அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்; நேற்று வராதவனை வீடு தேடிப் போய்க் கூட்டி வந்தார்கள்; தவறாகப் படித்தால் நிறுத்தித் திருத்தினார்கள். எந்தக் கருவியாலும் இயலாத வேலை இது.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் கேளுங்கள். தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று அரசு சிற்றூர்ப் பள்ளிகளுக்கு வாரி வழங்கியது. 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, கணினியைப் பயன்படுத்துவது மிகுந்தது, ஆனால் கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று கூறியது. பொருள் போய்ச் சேர்ந்தது. கல்வி போய்ச் சேரவில்லை.

அப்படியானால் கணினியால் பயனே இல்லையா? உண்டு. தில்லியில் 2015ஆம் ஆண்டு 619 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஏழைக் குடும்பத்து நடுநிலை, உயர்நிலை வகுப்புப் பிள்ளைகள். 6ஆம் வகுப்பில் அமர்ந்திருந்தவர்களின் கணித அறிவு சராசரியாக இரண்டரை வகுப்பு கீழே இருந்தது. வகுப்பில் ஆசிரியர் நடத்துவது 6ஆம் வகுப்புப் பாடம். பிள்ளை நிற்பதோ 3ஆம் வகுப்புப் படியில்! அந்தப் பாடம் அவன் காதில் விழுமே தவிர, கருத்தில் எப்படிப் பதியும்? குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த பாதிப் பேருக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் ஒரு கற்றல் மையத்தில் இடம் தந்தார்கள். அங்கே 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாகப் பயிற்றுநரிடம் பாடம். கணினி ஒவ்வொரு பிள்ளையையும் சோதித்து, அவன் நிற்கும் படி எதுவோ அங்கிருந்து தொடங்கியது. நான்கரை மாதத்தில் அப்பிள்ளைகள் கணிதத்தில் பெற்ற முன்னேற்றம், அவ்வாய்ப்புப் பெறாதவர்களைப்போல் இருமடங்குக்கு மேல். கருவியின் உண்மையான வலிமை இங்கே தெரிகிறது. 40 பிள்ளைகள் 40 படிகளில் நிற்கும்போது, ஒரே ஆசிரியரால் ஒரே நேரத்தில் 40 பாடம் நடத்த இயலாது. கணினிக்கு அது இயலும்.

பிள்ளை நிற்கும் படியறிந்து கற்பிக்கும் இம்முறை நம் பள்ளிகளுக்குப் புதிதன்று. 2022 சூன் மாதம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பித்தார்கள். பெயரே எவ்வளவு அழகு! அரும்பைக் கையால் விரித்தால் அது மலராகாது. அதற்குரிய நீரும் ஒளியும் கிடைத்தால் தானே மலரும்.

இன்னும் ஒரு சான்று சொல்கிறேன்; இது தமிழ் வழங்கும் காளிகுப்பம் என்னும் சிற்றூரில் நடந்தது. கல்வியாளர் சுகதா மித்ராவும் அவர்தம் குழுவினரும் பொது இடத்தில் கணினியை வைத்து, உயிரியல் பாடம் ஒன்றை ஆங்கிலத்தில் ஏற்றிவைத்தார்கள். ஆசிரியர் எவரும் இல்லை. பிள்ளைகள் தாமே தட்டித் தடவிச் சிறிதளவு கற்றுக்கொண்டார்கள். பின்னர், உயிரியலே படிக்காத, ஆனால் பிள்ளைகளோடு அன்பாகப் பழகும் உள்ளூர் இளம்பெண் ஒருவரை அவர்கள் அருகில் நிற்கச் செய்தார்கள். அவர் பாடம் நடத்தவில்லை. 'அட, இது என்ன? எனக்கும் சொல்லேன்!' என்று வியந்து கேட்டார், ஊக்கினார். சில மாதங்களில் அச்சிற்றூர்ப் பிள்ளைகளின் மதிப்பெண், தில்லியில் வசதியான பள்ளியில் பயின்ற மாணவர்க்கு இணையாக உயர்ந்தது. 2010ஆம் ஆண்டு வெளியான அவ்வாய்வின் தலைப்பே தானாகக் கற்பதன் எல்லைகளைப் பற்றியது. அந்த எல்லையைத் தாண்ட, அருகில் நிற்கும் ஓர் அன்பான மனிதர் போதுமானவராக இருந்தார்.

அன்பர்களே! இத்தனையும் எடுத்துரைத்தது ஒரே கருத்தை உங்கள்முன் வைப்பதற்காகத்தான். கருவிக்குப் பாதி கொடுங்கள். அதன் அருகில் அமரும் ஆளுக்குப் பாதி கொடுங்கள். இதைச் செயலாக்குவதற்குச் சில வழிகளைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, வாங்கும் முன் கேளுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் சென்று, 'உங்களிடம் என்ன உள்ளது, எது இயங்கவில்லை' என்று கேளுங்கள். நான் அறிந்த பள்ளி ஒன்றில், நன்கொடையாக வந்த கணினி இரண்டு ஆண்டுகள் துணி போர்த்தியபடியே இருந்தது. அதை வைத்த அறையில் மின்செருகி இல்லை. சில நூறு ரூபாயில் முடியும் வேலை. அது யாருடைய கணக்கிலும் வரவில்லை. பல பள்ளிகளுக்கு இன்று புதிய திரையைவிட, மின்தடை நேரத்துக்கு யு.பி.எஸ்., பூட்டக்கூடிய அலமாரி, தெளிவாக ஒலிக்கும் ஒலிபெருக்கி, இணையக் கட்டணம், பழுதுபார்ப்போருக்குக் கூலி ஆகியவையே தேவைப்படலாம். இவற்றின்மீது கொடையாளர் பெயரைப் பொறிக்க இடமிருக்காது. ஆயினும் பயன் மிகப் பெரிது.

இரண்டாவது, ஊரிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். படித்துவிட்டு வீட்டிலிருக்கும் மருமகள், மேற்படிப்புக்குக் காத்திருக்கும் மகள் என ஒவ்வோர் ஊரிலும் சிலர் இருப்பார்கள். நாள்தோறும் மாலை ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு அமர, மதிப்பான ஊக்கத்தொகை கொடுங்கள். ஓராண்டோடு நிறுத்தாமல் மூன்றாண்டுகளுக்கு உறுதி கூறுங்கள். ஊர்ப் பிள்ளைகள் ஒருவரை நம்பிப் பழகவே ஓராண்டு ஆகும்.

மூன்றாவது, தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். எழுத்தறிகிறானா, சொல் படிக்கிறானா, தொடர் படிக்கிறானா, படித்ததன் பொருள் சொல்கிறானா என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எந்த வகுப்பு என்பதைப் பாராமல் எந்தப் படி என்பதைப் பாருங்கள். அந்தப் படிக்கேற்ற பாடத்தையே கணினியில் கொடுங்கள்.

நான்காவது, இணையத்தையே நம்பியிராமல் பாடங்களை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரசுப் பாடநூல்கள் அனைத்தும் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தில் நம் இலக்கியங்கள் மின்னூல்களாக உள்ளன. இவற்றுக்குக் காசு வேண்டா. எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

ஐந்தாவது, எளிய கருவியை இகழாதீர்கள். தமிழாசிரியை என்ற முறையில் நான் கண்ட மிகச் சிறந்த கருவி, கைப்பேசியிலுள்ள ஒலிப்பதிவு. எங்கள் பக்கத்தில் 'மழை' என்பதை 'மளை' என்றே பிள்ளைகள் ஒலிப்பார்கள். நாம் நூறு முறை திருத்தினாலும் தன் பிழை அவன் காதுக்கு எட்டாது. அவன் படித்ததைப் பதிவு செய்து, நல்ல ஒலிப்போடு படித்த ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்தால், அவனே சிரித்துக்கொண்டு, 'அம்மா, நான் தப்பாச் சொல்றேன், இன்னொரு தடவை படிக்கிறேன்' என்பான். தண்டனையின்றி, பிறர் நகைப்புக்கு ஆளாகாமல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வாய்ப்பு அது. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்கள் சிலருக்கு ஓர் ஐயம் இருக்கும். 'கைப்பேசியால் பிள்ளைகள் கெடுகிறார்களே. நாமே அதை வாங்கிக் கொடுக்கலாமா?' என்பது அது. நியாயமான அச்சம். அதனால்தான் கருவி தனி ஒரு பிள்ளையின் கையில் வீட்டுக்குப் போவதைவிட, பலர் கூடும் இடத்தில், பெரியவர் ஒருவரின் கண்பார்வையில், குறித்த நேரத்துக்கு மட்டும் இயங்குவது நல்லது என்கிறேன். இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு திரையைப் பார்க்கட்டும். ஒருவன் படிக்க மற்றவன் திருத்துவான். பேசிக்கொண்டே கற்பார்கள்.

ஆசிரியர்களையும் துணையாகக் கொள்ளுங்கள். ஓராசிரியர் ஈராசிரியர் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளைக் கட்டிக் காப்பவர்கள் அவர்கள். வெளியிலிருந்து வரும் உதவி தம்மைக் குறைகூற வந்ததாக அவர்கள் நினைக்கும்படி நடந்துவிடக்கூடாது. மாலை வகுப்பின் குறிப்பேடு மறுநாள் காலை அவர்கள் மேசைக்குப் போகட்டும். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று அவர்கள் அறியட்டும். கணினியும் தன்னார்வலரும் ஆசிரியரின் இரு கைகளாக இருக்க வேண்டும்.

பெருமக்களே! மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டு சென்ற காமராசர் பிறந்த விருதுநகர் மாவட்டத்திலிருந்து நான் வருகிறேன். பள்ளிக்கு வராத பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்த்தார், பசி என்று கண்டார், சோறு போட்டார். இன்று பிள்ளைகள் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். வகுப்பில் அமர்ந்திருந்தும் படிக்கத் தெரியாமல் தலைகுனிந்திருக்கும் பிள்ளைகள் நம் ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். 5ஆம் வகுப்புக்குள் படிக்கப் பழகாத பிள்ளைக்கு 6ஆம் வகுப்புப் பாடநூல் வெறும் தாள்கட்டு. அறிவியலும் வரலாறும் அவனுக்கு மூடிய கதவுகள். சில ஆண்டுகளில் அவன் பள்ளியை விட்டு ஆலை வண்டியில் ஏறிவிடுவான். அவன் ஏறும் முன் அவனுக்கு எழுத்தைத் தந்துவிட வேண்டும். நமக்கிருக்கும் காலம் அவ்வளவே.

ஆதலால் இவ்வாண்டு நீங்கள் பத்துப் பள்ளிகளுக்குக் கருவி தர எண்ணியிருந்தால், ஐந்து பள்ளிகளுக்குக் கருவியும் ஆளும் சேர்த்துத் தாருங்கள். அடுத்த ஆண்டு விழா மலரில் திரை வழங்கும் நிழற்படம் இல்லாமற் போகலாம். அதற்கு ஈடாக ஒன்று செய்யுங்கள். அந்த ஐந்து ஊர்களுக்கும் நேரில் செல்லுங்கள். முதல் நாள் குறிப்பேட்டில் 'எழுத்தறியவில்லை' என்று எழுதப்பட்ட பிள்ளையை அழைத்து, ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். அவன் திக்கியும் திணறியும் படித்து முடிக்கும்வரை அமைதியாகக் கேளுங்கள். நீங்கள் கொடுத்த கொடை சேர்ந்ததா இல்லையா என்பதை அந்தக் குரல் உங்களுக்குச் சொல்லிவிடும்.